மனமுள்ள கவறு

விளையாட்டுக்கு முடிவு இரண்டே என்று நாம் நம்பி வந்திருக்கிறோம்: வெற்றி, தோல்வி. அரிதாகச் சமன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இவற்றுக்கு அப்பால் இன்னொரு முடிவும் உண்டு. ஆட்டத்தில் வென்ற அணி பந்தயத்தில் தோற்றதாகக் கொள்ளப்பட்டுப் பணம் கைமாறும். 'பாயிண்ட் ஸ்ப்ரெட்' என்று அவர்கள் வழங்கும் புள்ளி வித்தியாசப் பந்தயம் அது. சூதின் வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு என்பதும், இதில் அகப்பட்டுச் சீரழிந்த மாணவர்களின் கதையை வெறும் பேராசைக் கதையாகச் சொல்லிக் கடந்துவிடுவது நேர்மையன்று என்பதும் நம் கருத்து.

அது இயங்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுவோம். வலிய அணி ஒன்றும் எளிய அணி ஒன்றும் மோதுகின்றன. யார் வெல்வார் என்பதில் ஐயமில்லையெனில் பந்தயம் கட்ட ஆள் வராது. ஆகவே பந்தயத் தரகர் கேள்வியை மாற்றி வைக்கிறார்: வலிய அணி ஏழரைப் புள்ளிக்கு மேல் வெல்லுமா? (ஏழரை என்ற சொல் நம்மவர் காதில் ஒலிக்கும் விதம் இங்கும் பொருத்தமே.) அரைப் புள்ளி, சமன் என்ற பேச்சே எழாமலிருக்க. வலிய அணியின் பக்கம் பணம் வைத்தவர், அது எட்டுப் புள்ளியில் வென்றால் பிழைப்பார். ஐந்தில் வென்றால் இழப்பார். வழக்கமான விதிப்படி 100 டாலர் லாபம் பார்க்க 110 டாலர் வைக்கவேண்டும். அந்த அதிகப்படியில்தான் தரகரின் பிழைப்பு இருக்கிறது. நூற்றுக்கு ஏறத்தாழ 52.4 முறை சரியாகக் கணிப்பவருக்குத்தான் கைநட்டம் இராது. நாணயத்தைச் சுண்டிவிட்டுக் கணித்தால் ஐம்பது. இடையிலுள்ள இந்தச் சிறிய எண்ணில்தான் ஒரு பெருந்தொழில் நிற்கிறது.

இம்முறையைக் கண்டவர் எனப் பரவலாகச் சொல்லப்படுபவர் சிகாகோவின் சார்லஸ் மெக்நீல். ஒரு காலத்தில் கணித ஆசிரியராக இருந்தவர். 1930களிலும் 40களிலும் அவர் கையாண்ட இக்கணக்கு விரைவிலேயே நாடெங்கும் பரவியது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இச்செய்தி சிறு முள்ளாகவே குத்துகிறது. எனினும் கணக்கின் அழகை மறுப்பதற்கில்லை. சுவையற்ற ஆட்டம் என்று ஒன்று இல்லாமற் செய்துவிட்டது அது. முப்பது புள்ளி முன்னணியில் இருக்கும் அணி கடைசி நிமிடத்தில் இடும் பந்துக்கும் எங்கோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

ஆனால் கணக்கு திறந்துவைத்த வழி மற்றொன்றும் இருக்கிறது. பழைய பந்தயத்தில் ஓர் ஆட்டக்காரனை விலைக்கு வாங்க வேண்டுமானால் அவனைத் தோற்கச் சொல்லவேண்டும். தோற்பது கடினம். தன் அணியை, தோழர்களை, கல்லூரியை, கூடியிருக்கும் கூட்டத்தை ஒருசேரக் காட்டிக்கொடுக்க வேண்டும். புறப்புண்ணுக்கு நாணியவர்களைப் பாடிய இலக்கியத்தைக் கற்பிக்கும் நமக்கு அந்த நாணம் விளங்காததன்று. புள்ளி வித்தியாசமோ அந்த நாணத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்குப் பாதை அமைத்தது. 'தோற்க வேண்டாம் தம்பி, வெல். எட்டில் வெல்வதை ஐந்தில் வெல்' என்று அவனிடம் சொன்னால் போதும். புள்ளிகளைச் சீவிவிடுவது என்ற பொருளில் இதற்குப் 'பாயிண்ட் ஷேவிங்' என்று பெயர். 2010இல் லார்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் பந்துவீச்சாளர்கள் பணத்துக்காக நோபால் வீசியது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். ஆட்டத்தின் முடிவைத் தொடாமல் ஆட்டத்தை விற்கும் அதே உபாயம்தான் இதுவும்.

பாரதத்தில் சகுனியின் கவறு பொய்க்கவறு என்று சொல்லப்படுகிறது. ஆயினும் கவறு கவறுதான். உருட்டியவன் குற்றத்தை யாரும் அதன்மேல் ஏற்றுவதில்லை. வள்ளுவர் சூதுக்கென்று 94ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். அங்கும் கெடுபவன் சூதாடுபவன். கவற்றின் துயரைப் பேச வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் உருட்டப்படும் கவறுக்குப் பத்தொன்பது இருபது வயது. அதற்கு மனம் உண்டு, கடன் உண்டு, வீட்டில் தாய் உண்டு. அகப்படும்போது அந்தக் கவறும் சிறைக்குப் போவதுண்டு.

1951ஐ எடுத்துக்கொள்வோம். நியூயார்க் சிட்டி கல்லூரி அப்போது கட்டணமின்றிக் கல்வி தந்த நிறுவனம். குடியேறியவர்களின் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் படித்தேறிய இடம். யூத மாணவர்களும் கறுப்பின மாணவர்களும் தோளோடு தோள் நின்ற அதன் அணி, 1950இல் என்.ஐ.டி., என்.சி.ஏ.ஏ. ஆகிய இரு பெரும் போட்டிகளையும் ஒரே பருவத்தில் வென்றது. அவ்வாறு வென்ற அணி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவ்வணியின் நாயகர்கள் கைது செய்யப்பட்டனர். அவர்கள் வென்ற கோப்பைகள் உண்மையானவை. இடையில் சில ஆட்டங்களைச் சீவி விற்றதும் உண்மை. மாவட்ட வழக்குரைஞர் ஃபிராங்க் ஹோகனின் விசாரணை விரிய விரிய ஏழு கல்லூரிகள், 32 ஆட்டக்காரர்கள், 1947 முதல் 1950 வரையிலான 86 ஆட்டங்கள் எனப் பட்டியல் நீண்டது. தம் பையன்களைச் சூதாடிகள் நெருங்கவே முடியாது என்று பெருமை பேசிய கென்டக்கியின் பயிற்சியாளர் அடால்ஃப் ரப்பின் அணியும் அதில் இருந்தது. தண்டனை வழங்கிய நீதிபதி சால் ஸ்ட்ரைட், மாணவர்களோடு நிறுத்தாமல் கல்லூரி விளையாட்டை வணிகமாக்கிய நிர்வாகங்களையும் கடுமையாகச் சாடினார். எனினும் சிறைக்குச் சென்றவர்களில் ஆட்டக்காரர்கள் இருந்தனர், நிர்வாகிகள் இல்லை.

எல்லாரும் விலைபோனார்கள் என்று சொல்வதற்கில்லை. இவ்வளவும் வெளிவரக் காரணமானவரும் ஓர் ஆட்டக்காரரே. மன்ஹாட்டன் கல்லூரியின் ஜூனியஸ் கெல்லாக், 1951 ஜனவரியில் தம்மிடம் நீட்டப்பட்ட 1,000 டாலரை மறுத்துப் பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னார். அவரும் வசதி படைத்தவரல்லர். ஆகவே வறுமையைக் காட்டி எல்லாவற்றையும் மன்னித்துவிடச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் ஒரு முறைமை நிலைத்து நிற்க ஒவ்வொருவரும் கெல்லாக்காக இருந்தாக வேண்டுமென்றால், பிழை அந்த முறைமையிலும் இருக்கிறது.

அதன்பின் பாடம் கற்றார்களா? 1961இல் மீண்டும் ஒரு பெரும் வழக்கு. 1964இல் விளையாட்டில் கையூட்டுக்கு எதிராகக் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 1978-79 பருவத்தில் பாஸ்டன் கல்லூரி. 'குட்ஃபெல்லாஸ்' படத்தின் வழியாக உலகறிந்த ஹென்றி ஹில்லின் கைவரிசை அது. அதில் ஓர் ஆட்டக்காரருக்கு விதிக்கப்பட்ட தண்டனை பத்தாண்டுச் சிறை; பின்னர் குறைக்கப்பட்டது. 1985இல் துலேன் பல்கலைக்கழகம் இத்தகைய புகாரால் தன் ஆடவர் அணியையே கலைத்து, 1989இல்தான் மீண்டும் களமிறக்கியது. 1994இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். அங்கே அணியின் சிறந்த ஆட்டக்காரர் முதலில் பந்தயம் கட்டிக் கடனாளியானார். கடனை அடைக்க ஆட்டத்தை விற்றார். சூதாடுபவனும் கவறும் ஒரே ஆளாகிவிட்ட கதை அது.

2006இல் பொருளியலாளர் ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1989 முதல் 2005 வரையிலான 44,000க்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆராய்ந்தபோது, மிக வலிய அணிகள் ஆட்டத்தில் வென்றும் விதித்த வித்தியாசத்தை எட்டாமல் நின்றுவிடுவது எதிர்பார்ப்பை விடக் கூடுதலாக இருந்தது. அத்தகைய ஆட்டங்களில் ஆறு விழுக்காடு வரை சீவப்பட்டிருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. 2010இல் வேறிரு ஆய்வாளர்கள் இதை மறுத்தனர். முன்னணியில் இருக்கும் அணி கடைசியில் கையைத் தளர்த்துவதும், மாற்று ஆட்டக்காரர்களை இறக்குவதும் இயல்பே. எண்களின் கோணலுக்கு அதுவே போதிய விளக்கமாகலாம் என்றனர். இருவரில் யார் சரி என்பதைவிட இந்த விவாதம் காட்டித்தரும் உண்மையே நமக்கு முக்கியமாகப் படுகிறது. துரோகமும் சோர்வும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. விற்றவன் தப்பலாம், விற்காதவன் களைப்பில் தவறவிட்ட பந்துக்காகச் சந்தேகிக்கப்படலாம். நேர்மையானவனின் தோல்விக்கு இருந்த கண்ணியத்தையும் இம்முறை பறித்துவிட்டது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1992 முதல் இப்பந்தயங்களைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்துவந்த கூட்டாட்சிச் சட்டத்தை, 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பந்தயம் சட்டபூர்வம். பெரும்பாலானவற்றில் அது கைபேசிக்குள் வந்துவிட்டது. அரசு வரி வாங்கிக்கொள்கிறது. இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். வழக்கை நடத்தி வென்ற மாநிலம் நியூ ஜெர்சி. அதே நியூ ஜெர்சியில் அம்மாநிலக் கல்லூரி அணிகள்மீது மட்டும் பந்தயம் கட்டக்கூடாது. 2021இல் அத்தடையை நீக்கலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது மக்கள் கூடாது என்றனர். நம் பிள்ளைகள் கவறாகக் கூடாது. அடுத்த மாநிலத்துப் பிள்ளைகள் ஆனால் பாதகமில்லை! இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை.

எதிர்வாதங்கள் இரண்டு. அவற்றை ஒதுக்கிவிட முடியாது. சட்டபூர்வச் சந்தையில்தான் சதி வெளிப்படும் என்பது முதலாவது. உண்மையே, 1994இல் வழக்கத்துக்கு மாறாகக் குவிந்த பணத்தைக் கண்டு முதலில் ஐயுற்றது லாஸ் வேகாஸ் தரகர்கள்தாம். ஆனால் அந்த ஆட்டக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டது 1997இல். புகை தெரிந்தது நல்லதுதான். வீடு அதற்குள் எரிந்துவிட்டது. இரண்டாவது, ஆட்டக்காரர்களுக்கு முறையான வருவாய் இருந்தால் விலைபோக மாட்டார்கள் என்பது. 2021 முதல் அவர்கள் தம் பெயரையும் புகழையும் கொண்டு சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரிகளே வருவாயைப் பகிரலாம். நியாயமான, காலம் கடந்து வந்த மாற்றங்கள். ஆனால் அப்பணம் பெரிய கல்லூரிகளின் நட்சத்திரங்களுக்கே பெரிதும் போய்ச் சேர்கிறது. 2026 ஜனவரியில் பிலடெல்பியாவில் கூட்டாட்சி வழக்குரைஞர்கள் 26 பேர்மீது குற்றம் சாட்டினர். 17க்கும் மேற்பட்ட அணிகளின் 39க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் இதில் சம்பந்தப்பட்டிருப்பதாகவும், ஓர் ஆட்டத்துக்கு 10,000 முதல் 30,000 டாலர் வரை பேசப்பட்டதாகவும், முறையான வருவாய் குறைந்தவர்களாகப் பார்த்தே வலை வீசப்பட்டதாகவும் குற்றப்பத்திரிகை சொல்கிறது. வழக்கின் தீர்ப்பை நாம் முந்திச் சொல்ல வேண்டியதில்லை. வலை வீசும் இடம் மட்டும் 1951இலிருந்து மாறவில்லை என்பதைச் சொல்லலாம்.

2024இல் ஒஹாயோ உள்ளிட்ட சில மாநிலங்கள், கல்லூரியின் தனியொரு ஆட்டக்காரர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதன்மீதான பந்தயத்தைத் தடைசெய்தன. வரவேற்கத்தக்கது; ஆனால் பாதி வழி. தனி ஒருவனைக் கவறாக்குவது தவறு என்று ஒப்புக்கொண்டபின், ஐவரைச் சேர்த்து உருட்டுவது எப்படிச் சரியாகும்? தொழில்முறை ஆட்டங்களில் பெரியவர்கள் பெரியவர்கள்மீது பந்தயம் கட்டுவதை நாம் தடுக்கப் போவதில்லை. கல்லூரி ஆட்டங்களை இதிலிருந்து விலக்க வேண்டும் என்பதே நாம் சொல்வது. தடைசெய்தால் கள்ளத்தனமாக நடக்கும் என்பர். நடக்கும்தான். ஆனால் கள்ளத்தனமாக நடப்பதற்கும், அரசு வரி வாங்கிக்கொண்டு, விளம்பரமும் செய்ய விட்டு, பின்னர் மாணவனை மட்டும் விலங்கிட்டு நிறுத்துவதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவதில் சமூகம் ஒரு குற்றத்தைத் தடுக்க முடியாமல் நிற்கிறது. இரண்டாவதில் அதன் லாபத்தில் பங்கு வாங்குகிறது.

கல்லூரி என்பது இளைஞர்கள் தோற்கவும் கற்றுக்கொள்ளும் இடம். அவர்கள் வெற்றிக்கு ஏழரைப் புள்ளி என்று விலைச்சீட்டு ஒட்டியவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, சீட்டைப் பார்த்துத் தடுமாறியவன் மட்டும் கூண்டில் நிற்பதை நீதி என்று ஏற்க நம்மால் இயலவில்லை.