மடியில் ஒரு பயணி

அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கும் வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. பேரக் குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் ஒருமுறை ஊருக்கு வரவழைத்து, குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தி அனுப்பிவிட வேண்டும். இதில் சம்பிரதாயம் பாதி, விமான டிக்கெட் பாதி. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் சர்வதேசத் தடங்களில் பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 சதவீதம்தான் வசூலிக்கின்றன. இரண்டு முடிந்துவிட்டால் தனி இருக்கை கட்டாயம். கட்டணமும் பல நிறுவனங்களில் முக்கால் பங்கை எட்டிவிடும். பெரியவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது பிறந்த நாளின் விலை 65,000 ரூபாய். பயணத்தின் நடுவே பிறந்த நாள் வந்துவிட்டாலும் தப்பிக்க முடியாது. திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்கியாக வேண்டும்.

எனவே 22 மாதம், 23 மாதம் என்று கடைசி நேரத்தில் பெட்டி கட்டுகிறார்கள். 10 சதவீதத்துக்குக் கிடைப்பது இருக்கை அல்ல, அம்மாவின் மடி என்பது விமானம் ஏறிய பிறகுதான் உறைக்கிறது.

விமான நிறுவனங்களின் அகராதியில், பிறந்து சில வாரங்களே ஆன சிசுவும், நாற்காலி மீது ஏறிக் குதிக்கும் 22 மாதப் பிள்ளையும் ஒன்றுதான். இருவரும் கைக்குழந்தைகள். நமது பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இந்த விஷயத்தில் இன்னும் கவனமாக இருந்தார்கள். தலை நிமிர்த்தி ஆடினால் செங்கீரை, கை கொட்டினால் சப்பாணி, தளர்நடை போட்டு வந்தால் வருகை என்று பருவம் பிரித்தார்கள். முன்வரிசைச் சுவரில் மாட்டித் தரும் தொட்டில் செங்கீரைப் பருவத்துக்குச் சரி. அது தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு. பல நிறுவனங்களில் 10, 11 கிலோதான். விமானம் குலுங்கி, பெல்ட் விளக்கு எரியும்போதெல்லாம் தூங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளவும் வேண்டும். வருகைப் பருவத்துக்காரர் அதில் கால் நீட்டக்கூட முடியாது. தில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா 2015 டிசம்பரில் நேரடிச் சேவை தொடங்கியபோது இறங்கி ஏறும் தொல்லை குறைந்தது. ஆனால் ஒரே மூச்சில் சுமார் 16 மணி நேரம் மடி தாங்க வேண்டியதாயிற்று.

இது வெறும் அசௌகரியம் மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம். 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போன யுனைட்டட் ஏர்லைன்சின் டிசி-10 விமானத்தில் வால் எஞ்சின் சிதறியது. கட்டுப்பாடு இழந்த விமானம் அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் தரையில் மோதியது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். அதில் நான்கு மடிக் குழந்தைகள் இருந்தார்கள். அன்றைய நடைமுறைப்படி, அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. ஒரு குழந்தை பிழைக்கவில்லை. அப்படிச் சொல்ல நேர்ந்த தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன், குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயமாக வேண்டும் என்று அதன்பின் பல ஆண்டுகள் போராடினார். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் அதையே வற்புறுத்தி வந்திருக்கிறது.

ஆனால் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2005இல் மறுத்துவிட்டது. அது சொன்ன காரணம் சுவாரஸ்யமானது. இன்னொரு டிக்கெட் வாங்கச் சொன்னால் பல குடும்பங்கள் காரில் போய்விடும். வானத்தைவிடச் சாலையில்தான் சாவு அதிகம். எனவே சட்டம் காப்பாற்றுவதைவிடக் கொல்வது அதிகமாக இருக்கும். அதே நிர்வாகம்தான், குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையே, மடி அல்ல என்று பெற்றோருக்கு அறிவுரையும் சொல்கிறது.

பாஸ்டனிலிருந்து நியூ யார்க்குக்குப் போகிறவர் விஷயத்தில் இந்த வாதத்தை ஒப்புக்கொள்ளலாம். நியூ ஜெர்சியிலிருந்து சென்னைக்குக் கார் ஓட்டி வர யாராலும் முடியாது. கடல் தாண்டும் பயணத்துக்கு, சாலை விபத்தைக் காட்டி மடியை நியாயப்படுத்த வழியில்லை. இருந்தும் உள்ளூர்ப் பயணத்துக்குச் சொன்ன நியாயத்தின் நிழலில் உலகம் முழுவதும் குழந்தைகள் மடியிலேயே பறக்கிறார்கள். விதிகளிலும் ஒற்றுமை இல்லை. தாயின் பெல்ட்டோடு கோத்துக் குழந்தையைக் கட்டும் குட்டி பெல்ட் ஐரோப்பிய விமானங்களில் வழக்கமானது. குழந்தையின் வயிற்றை நசுக்கிவிடும் என்று அதே பெல்ட்டுக்கு, விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும், அமெரிக்காவில் தடை.

விபத்து அபூர்வம் என்பது உண்மை. நடுவானில் குலுக்கல் அபூர்வமல்ல. பெரிய குலுக்கலில் 12 கிலோ எடையைப் பிடித்து நிறுத்தும் பலம் எந்தத் தாயின் கைக்கும் கிடையாது. பாசம் வேறு, பௌதிகம் வேறு.

இன்னொரு ஆபத்தைப் பெற்றோரே பையில் எடுத்துப் போகிறார்கள். 'ஒரு மூடி கொடு, தூங்கிவிடும்' என்று சிபாரிசு செய்யப்படும் ஜலதோஷ சிரப்தான் அது. தூக்கம் தரும் பழைய மருந்தான புரோமெத்தசின் 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் மூச்சையே அடக்கிவிடலாம் என்று அமெரிக்காவில் லேபிளில் கட்டம் கட்டி எச்சரிக்கிறார்கள். இந்தியாவிலும், குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தரக்கூடாது என்று அச்சிடும்படி மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். சில குழந்தைகளுக்கு இந்த மருந்து நேர்மாறாக வேலை செய்து, இரவு முழுவதும் ஆட்டம் போட வைப்பதும் உண்டு.

குழந்தை ஏன் அழுகிறது என்று தெரிந்தால் மருந்து தேவைப்படாது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். இறங்கும்போது அழுத்தம் கூடுகிறது. தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது, சீக்கிரம் திறக்காது. விழுங்கினால் திறக்கும். ஆகவே தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே எழுப்பி, தாய்ப்பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கெட்டி மிட்டாய் வேண்டாம், தொண்டையில் சிக்கும். காதில் சீழ் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. 2006இல் லண்டன் சதித் திட்டம் அம்பலமான பிறகு வந்த 100 மில்லி விதி, குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பொருந்தாது. சோதனையில் தனியே எடுத்துக் காட்டினால் போதும்.

அக்கம்பக்கத்தினர் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து தில்லிக்கு 30 மணி நேரத்துக்கும் மேல் ரயிலில் போகிற குழந்தை பெட்டி முழுவதற்கும் சொந்தம். ஒருவர் வாங்கிக்கொள்வார், ஒருவர் ஜன்னலில் மாடு காட்டுவார், தாய் நிம்மதியாகச் சாப்பிடுவார். அதே மனிதர்கள் விமானத்தில் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு முகம் சுளிக்கிறார்கள். சந்தை இதைப் புரிந்துகொண்டது. ஏர் ஏஷியா எக்ஸ் 2013இல் சிறுவர்களுக்கு இடமில்லாத அமைதி வரிசைகளை விற்றது. 2016இல் இண்டிகோவும் சில வரிசைகளை ஒதுக்கியது. குழந்தைகள் உட்காரும் இடங்களை இருக்கை வரைபடத்தில் குறித்துக்காட்டும் வசதியை 2019இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் கொண்டுவந்தபோது, விலகி உட்கார நினைத்தவர்கள் மகிழ்ந்தார்கள். அமைதிக்கு விலை வைக்கத் தெரிந்த தொழில், மடியில் இருக்கும் குழந்தைக்கு ஒரு காலி இருக்கையைச் சலுகை விலையில் தர ஏன் யோசிக்க வேண்டும்?

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது சிறிதுதான். வசதி இருந்தால் இருக்கை வாங்கி, விமானத்துக்கு ஏற்றது என்று முத்திரை உள்ள கார் இருக்கையை எடுத்துச் செல்லலாம். இறங்கியதும் அமெரிக்கச் சாலையில் அது எப்படியும் சட்டப்படி தேவை. வசதி இல்லையென்றால் கூட்டம் குறைந்த நாளைத் தேர்ந்து, பக்கத்தில் காலி இடம் இருக்குமா என்று கவுண்டரில் கேட்கலாம். இரண்டும் முடியாதவர்கள் பயணத்தைத் தள்ளிப்போடலாம். மொட்டையை மூன்றாம் வயதில் அடிப்பதற்குக் குலதெய்வத்துக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் எல்லாம் டிக்கெட்டுக்குத்தான்.