காப்பிக்குத் துணை எது?

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் பங்குத் தந்தை எவரும் ஒரு மாலைப் பொழுதில் நான்கைந்து தம்ளர் காப்பிக்குத் தப்ப இயலாது. வேண்டாம் என்றால் வீட்டாரின் முகம் வாடும். வாங்கிக்கொண்டாலோ இரவில் உறக்கம் வராது. இத்தனை ஆண்டுகளாக இத்தனை வீட்டுத் திண்ணைகளில் அருந்தியதன் பயனாக, காப்பியோடு எப்பண்டம் இணங்கும், எது இணங்காது என்பதில் எனக்கும் ஓரளவு தேர்ச்சி உண்டாகிவிட்டது.

நம் நாட்டுக் காப்பி தன் கசப்பை மறைத்துக்கொள்வதில்லை. பில்டரில் சொட்டுச் சொட்டாய் இறங்கிய டிகாஷன், அதற்கு நிறமும் கனமும் தரும் சிக்கரி, கொதிக்கும் பால், சர்க்கரை. (சிக்கரி கலந்த தூளில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையலாகாது என்பது சட்டம். பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதை வாசித்து வாங்குவோர் சிலரே.) இத்தகைய அழுத்தமான பானத்தின் அருகே மென்மையான பண்டத்தின் சுவை எடுபடாது. மெதுவடை, மிளகும் நெய்யும் மணக்கும் வெண்பொங்கல், முறுகலான ரவா தோசை ஆகியவை ஈடு கொடுத்து நிற்கும். நாவில் படிந்த நெய்யையும் எண்ணெயையும் காப்பியின் சூடும் கசப்பும் துடைத்தெடுக்கின்றன. ஆகவே அடுத்த விள்ளலும் முதல் விள்ளலைப் போலவே சுவைக்கிறது.

இனிப்பின் கதை வேறு. பெண் பார்க்கும் வீட்டில் முதலில் கேசரி, அடுத்து பஜ்ஜி, இறுதியில் காப்பி என்னும் வரிசையை வகுத்தவர் யாரோ, நாவின் இயல்பை நன்கு அறிந்தவர். கேசரி தின்ற வாயில் உடனே காப்பியை ஊற்றினால், சர்க்கரை இட்டும் இடாதது போலவே கசக்கும். இடையில் காரம் வந்து நாவைச் சமன் செய்கிறது. ஓர் இல்லத்தில் மைசூர்பாகையும் காப்பியையும் ஒன்றாக வைத்துவிட்டு, "சாமி, சர்க்கரை போதுமா?" என்று கேட்டார்கள். போதாது என்றே தோன்றியது. இன்னும் ஒரு கரண்டி போட்டார்கள், அதுவும் போதவில்லை! கிறிஸ்துமஸ் நாட்களில் நம் வீடுகளில் செய்யும் அச்சு முறுக்கிற்கு இக்குறை இல்லை. அதன் இனிப்பு அடக்கமானது.

இவ்வளவும் நாவைப் பற்றியது. உடலைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

காப்பி நம் இல்லங்களுக்குள் வந்தபோது ஓர் உணவை வெளியேற்றிவிட்டே வந்தது. அதற்கு முன் காலையில் நீராகாரமும் பழைய சோறும் இருந்தன. 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தம் நூலில் (2000) ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி காப்பி வந்த வரலாற்றை ஆராய்ந்திருக்கிறார். பழைய சோறு பசியை ஆற்றியது. காப்பி பசியை மறக்கச் செய்கிறது. அனைவருக்கும் பரிமாறிவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு ஒரு தம்ளர் காப்பியோடு காலை உணவை முடித்துக்கொள்ளும் தாய்மார்களை நான் எல்லாப் பங்குகளிலும் கண்டிருக்கிறேன். அவர்களிடம் எந்தப் பலகாரம் பொருந்தும் என்று பேசுவது எனக்கே கூச்சமாயிருக்கிறது.

உணவோடு சேர்த்து அருந்தினாலும் ஒரு சங்கடம் உண்டு. காப்பியிலுள்ள சில பொருள்கள் உணவின் இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, அது குருதியில் சேராதபடி தடுக்கின்றன. 1983-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இறைச்சி உணவோடு ஒரு கோப்பை காப்பி அருந்தியபோது உடல் ஏற்ற இரும்பு 39 விழுக்காடு குறைந்தது. தேநீரோடு 64 விழுக்காடு குறைந்தது. இன்னொன்றையும் கண்டார்கள். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு அருந்திய காப்பி எத்தீங்கும் செய்யவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அருந்தியதோ, உணவோடு அருந்தியதைப் போன்றே தடுத்தது. ஆகவே விடியலில் எழுந்ததும் அருந்தும் காப்பியின் மேல் குற்றமில்லை. இட்லியை முடித்த கையோடு 'நிறைவுக்கு' அருந்துகிறோமே, அதுதான் குற்றவாளி.

இரத்தம் குறைவில்லாதவர் இதற்காக அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்த சோகை இருந்தது. காப்பி மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. எனினும் கீரையும் பருப்புமே இரும்புக்கு வழி என்றிருக்கும் வீட்டில் இந்தத் தடை பெரிது. இறைச்சியின் இரும்பைப் போல் அவற்றின் இரும்பு எளிதில் உடலில் சேர்வதில்லை. எலுமிச்சையும் நெல்லிக்கனியும் கொய்யாவும் அதற்கு உதவும். காப்பியை விடியலுக்கும் மாலை நான்கு மணிக்கும் ஒதுக்கிவிட்டால், வடையும் முறுக்கும் அதனோடு தாராளமாய்ச் சேரட்டும்.

சென்ற ஆண்டு ஒரு வீட்டில், ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை என் முன்னாலேயே காப்பியால் விழுங்கினாள். மாத்திரை கசக்கிறது, குமட்டுகிறது. காப்பியோடு என்றால் இறங்கிவிடுகிறது என்றாள். மருந்தகச் சகோதரியிடம் இதைச் சொன்னேன். அவர் மறுநாளே அங்குச் சென்று, மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு கொடுக்கும்படியும், காப்பிக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தார். மாமியாருக்கு நம்பிக்கை வரவில்லை. "நாங்களெல்லாம் காப்பி குடித்துத்தானே பிள்ளை பெற்றோம், சாமி?" என்றார்.

அடுத்த மாதம் நான் சென்றபோது அவரே ஒரு தட்டில் இரண்டு தம்ளர்களைக் கொண்டுவந்தார். எலுமிச்சைச் சாறு மருமகளுக்கு, காப்பி எனக்கு. கூடவே நான்கு தட்டைகளும் இருந்தன.