உங்கள் வாசலில் செய்வதை ஊருக்குள்ளும் செய்யுங்கள்

மதிப்பிற்குரிய பெரம்பலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

சிறுவாச்சூரிலிருந்து எழுதுகிறேன்.

மதுரகாளியம்மன் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அதனால் திங்கட்கிழமையானால் ஒரு கூட்டம் எங்கள் ஊரில் வந்து இறங்கி, கோயிலிலேயே மாவிடித்து விளக்குப் போடும். அம்மனிடம் சொல்லியும் தீராததை மனுவாக எழுதிக்கொண்டு இன்னொரு கூட்டம் உங்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் பெரம்பலூர் பஸ் ஏறும். அங்கே வாசலில் போலீசார் பையைத் திறந்து பார்க்கிறார்கள், மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாளாமல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே மாண்டுபோனதற்குப் பிறகு இந்தச் சோதனை கெடுபிடியானது. முதியோர் உதவித்தொகை கேட்டு வருகிற கிழவியின் மஞ்சள் பையைத் துழாவுவது பார்க்க நன்றாக இல்லைதான். ஆனாலும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். உளவியல் உலகுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தை அந்தக் காவலர் தெரியாமலே நடைமுறைப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பாடத்தின் ஒரு வேர் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறது. எட்வின் ஷ்னைட்மன், நார்மன் ஃபேபரோ என்ற இரண்டு உளவியலாளர்கள், தற்கொலை செய்துகொண்டவர்கள் எழுதிவைத்த கடிதங்களை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்து ஆராய்ந்தார்கள். சாகத் துணிகிற மனம் ஒரே மனமாக இல்லை. போய்விடலாம் என்று ஒரு பக்கம் இழுக்க, யாராவது தடுக்கமாட்டார்களா என்று மறுபக்கம் தவிக்கிறது என்பதை அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. அந்த வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில், சிலருக்குச் சில நிமிடத்திலேயே தணிந்துவிடுகிறது. அதற்குள் கைக்கு எட்டுவது எது என்பதில் உயிர் தங்கியிருக்கிறது.

ஃபேபரோவும் வியன்னாவின் மனநல மருத்துவர் எர்வின் ரிங்கலும் சேர்ந்து 1960-ல் தற்கொலைத் தடுப்புக்கான சர்வதேசச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சங்கமும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்துதான் 2003 முதல் செப்டம்பர் 10-ஐத் தற்கொலைத் தடுப்பு நாளாக அனுசரிக்கின்றன. 2030-க்கான ஐ.நா. இலக்குகளில் தற்கொலை விகிதமும் ஓர் அளவுகோல். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் நாடுகளுக்குத் தந்த வழிகாட்டியில், சாவுக்கு வழியாகும் பொருள்கள் எளிதில் கிடைக்காமல் செய்வது முதல் வேலையாக இருக்கிறது.

இதெல்லாம் ஜெனீவா சங்கதி என்று ஒதுக்கிவிட வேண்டாம். இலங்கை 1995-லிருந்து கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் படுத்துவிடவில்லை. இங்கே மீன்சுருட்டி தாண்டினால் வந்துவிடுகிற காட்டுமன்னார்கோவில் பகுதியில், சென்னை ‘சிநேகா’ அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் கிராமத்துக்குப் பொதுவான மருந்துக் கிடங்கு அமைத்துப் பார்த்தார்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே அவரவர் பூட்டுப்பெட்டியில் வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள், 2013-ல் ஆய்வாகவும் வெளிவந்தது.

நம் மாவட்டத்தில் நிலைமை என்ன? பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், மூன்றும் மருந்து கேட்கிற பயிர். 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியதிலிருந்து தெளிப்பு கூடிப்போனது. கடைக்காரர் கடனுக்குக் கொடுத்த பாட்டிலில் பாதி தீர்ந்ததும் மீதி வீட்டுக்கு வருகிறது. எரவாணத்தில் செருகியிருக்கும், இல்லையென்றால் மாட்டுக்கொட்டகை மாடத்தில், பழைய சாக்குக்குப் பக்கத்தில். புருஷன் பெண்சாதி சண்டையும், கடன்காரன் வாசலில் நின்று கத்திவிட்டுப் போன அவமானமும், பரீட்சை முடிவும் வந்து சேர்கிற அதே வீட்டில்தான் அதுவும் இருக்கிறது. பக்கத்து அரியலூர் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு நீட் தேர்வுச் சாவு ஞாபகம் வரும். இந்தப் பாட்டில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

அரசு சும்மா இருந்தது என்று சொல்லவில்லை. ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தமிழக அரசு தடை செய்தது. ஆனால் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்குத் தருவது 60 நாள் அதிகாரம், மிஞ்சினால் இன்னும் 30 நாள். நிரந்தரத் தடை டெல்லியின் கையில். ஆகவே தடை வரும்வரை உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன்.

முதலாவது, கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டடங்களில் சோதனையாகச் சில ஊர்களிலாவது பொதுக் கிடங்கு. வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் திட்டம் வேண்டாம். இலங்கையில் 180 கிராமங்களில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வைத்து அதைச் சோதித்துவிட்டார்கள். பலனில்லை என்று 2017-ல் முடிவு வந்தது. சாவியும் அதே வீட்டில்தானே தொங்கும்! கிடங்கு விடியற்காலையில் திறக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்குத் திறந்தால் எந்தக் குடியானவனும் வரமாட்டான்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிழைத்து வீடு திரும்பியவரை நாம் கைவிட்டுவிடுகிறோம். வயிற்றைக் கழுவி, ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்து, அனுப்பிவிடுகிறோம். ஊருக்குள் வந்ததும் அவரைப் பார்த்துப் பேச்சு அடங்கும், பிறகு கிளம்பும். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து ஊர்களில் செய்த ஆய்வு 2008-ல் வந்தது. மருத்துவமனையில் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. அவ்வளவே. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையில் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். இதற்கு மாளிகை வேண்டாம், மெஷின் வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் பயிற்சி கொடுத்தால் கிராம சுகாதாரச் செவிலியர் செய்துவிடுவார். அந்த உளவியலாளர் திங்கள், வெள்ளிகளில் எங்கள் கோயில் பக்கம் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால் இன்னும் நல்லது. மனசு சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களும் அம்மனிடம் வருகிறார்கள்.

கடனும் குடியும் தீராமல் இதெல்லாம் எதற்கு என்று உங்கள் கூட்டத்திலேயே ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. கடனைத் தீர்க்கவும் குடியை விடவும் ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதே என் பதில்.

2030-க்குள் தற்கொலையை 10 சதவீதம் குறைப்போம் என்று நாடு 2022 நவம்பரில் அறிவித்திருக்கிறது. அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இந்த இரண்டையும் சேருங்கள். கூட்டுறவுத் துறையையும் சுகாதாரத் துறையையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். வாசிக்கிறவர்களில் யாருக்காவது மனம் தாங்கவில்லை என்றால் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.

இப்படிக்கு,
சிறுவாச்சூர் குடியானவன் ஒருவன்