வாசிக்காதவரின் சிபாரிசு

"அது வெள்ளைக்காரன்ட விளையாட்டு காக்கா. யாருக்கு விருது கிடைச்சா நமக்கென்ன?"

இலக்கிய நண்பரொருவர் என்னிடம் இப்படிக் கேட்டு மூன்று மாதமாகிறது. அண்மையில் வந்த விஞ்ஞானப் புனைகதைகளில் எவற்றை விருதுக்குச் சிபாரிசு செய்யலாம் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். சமாளித்தது பிழை. பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, இது வெள்ளைக்காரரின் தனிச்சொத்தல்ல. வங்காளத்து முஸ்லிம் பெண்ணான ரொக்கெயா சகாவத் ஹுசைன் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். சூரிய வெப்பத்தைச் சேகரித்து ஆளும் பெண்களும், வீட்டுக்குள் அடைக்கப்பட்ட ஆண்களும் அக்கதையில் வருகிறார்கள். அது அச்சேறியது லண்டனில் அல்ல, 1905இல் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில். கடலுக்கு அந்தப் பக்கம் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் நடந்ததை இந்தப் பக்கத்தில் இருக்கும் நாம் அந்நியம் என்கிறோம்.

இரண்டாவது, இந்த விருதுகளின் வழிமுறை. ஹியூகோ விருதில் நடுவர் குழு கிடையாது. சந்தா செலுத்தி உறுப்பினரான வாசகர் ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து படைப்புகள் வரை முன்மொழியலாம். அதிலிருந்து ஆறு இறுதிச் சுற்றுக்கு வரும். கதை எந்த மொழியிலும் இருக்கலாம். ஆங்கிலத்தில் முதன்முதலாக மொழிபெயர்க்கப்படும் ஆண்டில் அதற்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஆனால் பொதுவாக ஒரு கதைக்கு ஓராண்டுதான் தவணை. அந்தத் தவணைக்குள் யாரும் வாசித்துச் சொல்லாவிட்டால், எவ்வளவு நல்ல கதையானாலும் அது போனது போனதுதான்.

இப்படி வாசகரை நம்பிய ஒரு விருதை வாசிக்காதவர்களால்தான் கெடுக்க முடிந்தது. 2015இல் இரு குழுக்கள் தயார்ப் பட்டியல்களை விநியோகித்து, தம் ஆதரவாளர்கள் அவற்றின்படி முன்மொழியச் செய்தன. முடிவில் சிறுகதை உட்பட ஐந்து பிரிவுகளில் "எவருக்கும் விருதில்லை" என்றே வாக்காளர் தீர்த்தனர். 2023இல் சீனாவின் செங்டு நகரில் நடந்த விருதில், ஆர். எப். குவாங் எழுதிய 'பேபல்' நாவலைப் போதிய வாசகர்கள் முன்மொழிந்திருந்தும், நிர்வாகிகள் காரணம் சொல்லாமலே அதை நீக்கினர். 2024இல் கிளாஸ்கோ விருதில் 377 வாக்குகள் மோசடியென்று தள்ளப்பட்டன. மூன்றிலும் குற்றம் ஒன்றுதான்: வாசகனைத் தேவையற்றவனாக்கியது.

நமது முற்றம் மட்டும் சுத்தமா? சில வருடங்களுக்கு முன்னர் ஒரு பரிசுக்காக ஒரு தொகுப்பைச் சிபாரிசு செய்து நான் ஒப்பமிட்டேன். பின்னட்டையையும் முன்னுரையையும் தவிர வேறெதையும் வாசித்திருக்கவில்லை. எழுதியவர் வேண்டியவர், கேட்டவர் அதைவிட வேண்டியவர். அதே பரிசுக்கு வந்திருந்த, நான் தொட்டும் பாராத வேறொரு தொகுப்பைப் பிறகு வாசித்தபோது வெட்கமாக இருந்தது. சிபாரிசு என்பது உபகாரமல்ல, சாட்சியம். காணாததைக் கண்டேன் என்பவனின் சாட்சியத்துக்கு என்ன பெயர் என்று நமது வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமானது. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' 2023இல் வெளிவந்தது. 2024இல் சிறந்த நாவலுக்கான நெபியூலா விருதைப் பெற்றது, ஹியூகோ இறுதிச் சுற்றுக்கும் வந்தது. கற்பனை நகரமொன்றில் நடக்கும் கதை. ஆனால் அதில் கொள்ளைநோய் வருகிறது, மனிதரை அடைத்துவைக்கும் முகாம்கள் வருகின்றன, மத அதிகாரத்தின் பெயரால் கும்பல் வன்முறை வருகிறது. 2014இன் அளுத்கமயையும் 2018இன் திகனையையும் கண்டவர்கள், கொவிட் காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அந்தப் பக்கங்களைக் கற்பனையென்று வாசிக்க முடியுமா? அமெரிக்க வாசகர் அதன் கற்பனை வளத்தைப் பாராட்டலாம். அது எங்கே வலிக்கிறது என்று சொல்லவேண்டியவர்கள் நாம். நமது சஞ்சிகைகளில் நான் தேடிய வரையில் அந்நாவல் பற்றி ஒரு பக்கமும் கிடைக்கவில்லை. விருதுச் செய்தியைப் பகிர்ந்தவர்கள் மட்டும் நிறைய.

பணமில்லை என்ற சாட்டும் நிற்காது. 25,000 டொலர் பெறுமதியான ஏர்சுலா கே. லெ குவின் பரிசுக்கு எவரும் கட்டணமின்றி ஒரு நூலை முன்மொழியலாம். அதன் இறுதித் தீர்ப்பு நடுவர்களுடையது, தொடக்கம் வாசகருடையது. 2025இல் அது சந்திரசேகரவின் 'ரேக்ஸ்ஃபோல்' நாவலுக்கே கிடைத்தது. சிறுகதைகளுக்கும் செலவில்லை. 'கிளார்க்ஸ்வேர்ல்ட்', 'அன்கேனி' போன்ற சஞ்சிகைகள் அவற்றை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. பலஸ்தீன எழுத்தாளர்களின் கற்பனைக் கதைகளை சோனியா சுலைமான் 'தைம் ட்ரவலர்ஸ்' என்று 2024இல் தொகுத்தார். அதை நான் காலந்தாழ்த்தியே வாசித்தேன். முன்மொழிவுக் காலத்தில் அதுபற்றி ஒருவரிடமும் நான் வாய் திறந்திருக்கவில்லை. அந்தப் பிழையும் என் கணக்கில்தான்.

ஆகவே நண்பரே, எனது பட்டியலை அப்படியே நீங்கள் ஏற்கவேண்டாம். ஏற்றால் 2015இன் கதைதான் மீண்டும் நடக்கும். ஒரு கதையை வாசியுங்கள். பிடித்திருந்தால் ஏன் பிடித்தது என்று பத்து வரி எழுதுங்கள். பிடிக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். அடுத்த தவணை முடிவதற்குள் நம்மவர் பத்துப் பேர் அதைச் செய்தால், இது யாருடைய விளையாட்டு என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.