கோடு யார் வீட்டுமேல விழுது?

நியூயார்க்கைக் கட்டியவர் என்று ராபர்ட் மோசஸைப் புகழ்கிறார்கள். 1924லிருந்து 1968 வரை 44 ஆண்டுகள். பாலங்கள், விரைவுச்சாலைகள், பூங்காக்கள். 1936 கோடையில் மட்டும் 11 பெரிய நீச்சல்குளங்கள். ‘சாதனைதானே, இதுல என்ன தப்பு?’ என்பீர்கள். தோழர்களே, கேட்க வேண்டியது வேற. யாரு வீட்டை இடிச்சு யாருக்குக் கட்டினார்?

அவருக்கு ஓட்டுப் போட்டது யார்? 1934இல் ஆளுநர் தேர்தலில் நின்றார். மக்கள் படுதோல்வி கொடுத்து அனுப்பினாங்க. அப்புறமும் ஒரே நேரத்தில் 12 பதவிகள் வரை வைத்திருந்தார். எப்படி? பாலத்தில் வசூலாகும் சுங்கப்பணத்தைக் காட்டிக் கடன்பத்திரம், அந்தக் கடனில் அடுத்த பாலம். மேயர் மாறுவார், ஆளுநர் மாறுவார், மோசஸ் மாறமாட்டார். ‘லஞ்சம் வாங்காதவர்’ என்று நற்சான்று வேற. லஞ்சம் வாங்காத கை இடிச்சா வீடு இடியாதா?

1943இல் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஸ்டைவசன்ட் டவுன் குடியிருப்பை முன்னின்று முடித்துக் கொடுத்தார். நிலம் எடுத்தது அரசு அதிகாரம். வரிச்சலுகை ஊர்ப்பணம். வீடு மட்டும் வெள்ளையருக்கு! உலகப்போரில் சண்டை போட்டுத் திரும்பிய கறுப்பின வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 1949இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றமே கம்பெனி பக்கம் நின்றது.

அதே 1949இல் வந்த வீட்டுவசதிச் சட்டம் இன்னும் வசதி. ‘ஸ்லம்’னு முத்திரை குத்தினா போதும், இடிக்கலாம். கறுப்பின, போர்ட்டோரிக்கோ மக்கள் வாழ்ந்த சான் ஹுவான் ஹில் பகுதியில் 7,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கிளப்பிவிட்டு, லிங்கன் சென்டர் என்னும் கலை அரங்கம் வந்தது. இசை அவங்களுக்கு, தெரு இவங்களுக்கு.

பிராங்க்ஸில் ஈஸ்ட் ட்ரெமான்ட். சாலைக்காக 1952இல் 1,530 குடும்பங்களுக்கு வெளியேறச் சொல்லிக் கடிதம். பெரும்பாலும் யூத உழைப்பாளிகள். இரண்டு தெரு தள்ளிப் போட்டா வெகுசில கட்டடங்களே போகும் என்று மாற்றுப்பாதை காட்டினார்கள். கோடு அசையல.

கீழ் மன்ஹாட்டனில் விரைவுச்சாலை போட வந்தப்ப மட்டும் 1962இல் நகர நிர்வாகம் பின்வாங்கியது. அங்கே ஜேன் ஜேக்கப்ஸும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து நின்றார்கள். அவர்கள் எழுத்து பத்திரிகையில் ஏறியது. சான் ஹுவான் ஹில்காரர்களும்தான் போராடினாங்க, வழக்கும் போட்டாங்க. யார் காதில் விழுந்தது? போராடினா போதாது, யார் குரல் குரலாகக் கேட்கப்படுது என்பதும் அதிகாரம்தான்.

ஊரெல்லாம் சாலை போட்ட மோசஸ் கடைசிவரை கார் ஓட்டக் கற்கவில்லை. டிரைவர் ஓட்ட, பின்சீட்டிலிருந்து பார்த்த நகரம் அது.

திட்டமிடல் படிக்கிற தோழரே, நாளைக்கு பென்சில் உன் கைக்கு வரும். ‘டெக்னிக்கல் விஷயம்’னு சொல்லி உன் வாயை அடைப்பார்கள். கோட்டுக்குக் கீழே யார் தூங்குறாங்கன்னு போய்ப் பார்த்துட்டு வந்து வரை.