அரவல்லி: உயரம் மட்டுமே அளவுகோலா?

புது தில்லி: குடியரசுத் தலைவர் மாளிகை அமைந்துள்ள ரைசினா குன்று, அரவல்லி மலைத்தொடரின் வடகோடிப் பகுதி. குஜராத்திலிருந்து ராஜஸ்தான், ஹரியாணா வழியாகத் தில்லி வரை சுமார் 700 கி.மீ. நீளும் இத்தொடரில் எது மலை, எது மலையல்ல என்ற கேள்வி, 2025-ஆம் ஆண்டின் இறுதியில் உச்ச நீதிமன்றத்தில் 40 நாள்களுக்குள் இருவேறு உத்தரவுகளுக்கு வழிவகுத்தது.

சுற்றுப்புற நிலமட்டத்திலிருந்து 100 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயர்ந்தால்தான் அரவல்லி மலை. அத்தகைய இரு மலைகள் 500 மீட்டருக்குள் இருந்தால் மலைத்தொடர். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகக் குழு அளித்த இந்த வரையறையை நவம்பர் 20-ஆம் தேதி நீதிமன்றம் ஏற்றது. ராஜஸ்தானில் எதிர்ப்பு வலுத்ததையடுத்து, டிசம்பர் 29-ஆம் தேதி தலைமை நீதிபதி சூர்யகாந்த் தலைமையிலான அமர்வு தானாக முன்வந்து விசாரித்து, அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது.

தாழ்வே தொன்மையின் அடையாளம்

இந்த வரையறையின் அடிப்படைக் குறை நிலவியலில் இருக்கிறது. அரவல்லியின் அடித்தளமான நைஸ் பாறைகளில் சில 300 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றின் மீது படிந்த மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி குவார்ட்சைட், சிஸ்ட், பளிங்கு ஆகிய பாறைகளாயின. தாஜ்மஹாலுக்குக் கல் தந்த மக்ரானா பளிங்கும் இப்படிப் பிறந்ததே. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையும் காற்றும் மென்பாறைகளை அரித்துவிட, கடினமான குவார்ட்சைட் முகடுகள் எஞ்சின. தாழ்ந்திருப்பதாலேயே ஒரு குன்று அரவல்லி அல்ல என்பது, முதுமையையே குற்றமாக்குவதாகும்.

தாழ்ந்த முகடுகள் பயனற்றவையும் அல்ல. குவார்ட்சைட்டின் விரிசல்கள் வழியே இறங்கும் மழைநீர்தான் தில்லி, குருகிராம் பகுதிகளின் நிலத்தடி நீருக்கு ஒரு முக்கிய ஆதாரம். தார் பாலைவனப் புழுதிக்கும் இவை தடை.

இரு தரப்பு வாதம்

அரவல்லிப் பரப்பில் 0.19 விழுக்காட்டில் மட்டுமே சுரங்கத்துக்கு வாய்ப்புண்டு என்கிறது மத்திய அரசு. நீடித்த சுரங்க மேலாண்மைத் திட்டம் தயாராகும் வரை புதிய குத்தகைகள் கூடாது என நவம்பர் உத்தரவிலேயே நிபந்தனை இருந்தது உண்மை. ஆனால், ராஜஸ்தானின் 12,081 குன்றுகளில் 1,048 மட்டுமே 100 மீட்டர் வரம்பை எட்டுகின்றன என்ற விமர்சனம் சரியா என்பதை ஆராய வேண்டும் என்று டிசம்பர் உத்தரவு கூறியது. மலைகளுக்கு இடைப்பட்ட நிலத்தின் கதி என்ன என்றும் அது கேட்டது.

கல் குவாரிகளை நம்பிப் பல்லாயிரம் தொழிலாளர் குடும்பங்கள் உள்ளன என்பதையும் மறுக்க முடியாது. அதே நேரத்தில், ராஜஸ்தானில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 128 குன்றுகளில் 31 காணாமல் போய்விட்டன என்ற தகவல் 2018-இல் இதே நீதிமன்றத்தை அதிர வைத்தது. சட்டத்தின் தடை இருந்தபோதே நேர்ந்தது இது.

எனவே, புதிய வரையறை பாறையின் வகை, நீரோட்டம், தொடர்ச்சி ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெட்டிய மரத்துக்கு மாற்றாக மற்றொன்றை நடலாம். தகர்த்த குன்றுக்கு மாற்று கிடையாது.