முடக்கமும் முறைமையும்

களவுபோன பொருள் கைக்குக் கை மாறும். நாள் கடந்தால் அதன் சுவடும் மறையும். இன்றோ வங்கிப் பணம் ஓர் இரவுக்குள் பல கணக்குகளைக் கடந்துவிடுகிறது. குற்றம் செய்தவர் சிறை சென்றாலும், ஏமாந்தவரின் சேமிப்பு மீளாவிடில் அவருக்குக் கிடைப்பது பாதி நீதியே. ஆகவேதான், குற்றத்தின்வழி வந்ததாக ஐயுறப்படும் சொத்தை வழக்கு முடியும் முன்பே முடக்கிவைக்கச் சட்டம் இடமளிக்கிறது.

முடக்கம் வேறு, பறிமுதல் வேறு. பறிமுதலில் சொத்துரிமையே நீங்கிவிடும். முடக்கத்தில் உரிமை நீங்குவதில்லை. விற்பதும் மாற்றுவதும் மட்டுமே தடைப்படும்.

நிதி நிறுவனங்களில் பணமிட்டு ஏமாந்தோரைக் காக்கத் தமிழ்நாடு 1997ஆம் ஆண்டிலேயே முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்படி அரசு பிறப்பிக்கும் இடைக்கால முடக்கத்தைச் சிறப்பு நீதிமன்றம் ஆராய்ந்து உறுதிசெய்யலாம், நீக்கவும் செய்யலாம். அச்சட்டம் செல்லுமென உச்சநீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107ஆம் பிரிவு, இவ்வதிகாரத்தைப் பொதுவான குற்றங்களுக்கும் விரித்துள்ளது. சொத்துக்கு உரியவர் விளக்கமளிக்க 14 நாள் தரப்படுகிறது. குற்றத்தின் பயனெனத் தெளிந்த பொருளை மாவட்ட நடுவர் 60 நாளுக்குள் பாதிக்கப்பட்டோர்க்குப் பகிர்ந்தளிக்க வேண்டும்.

நோக்கம் நன்று, ஆயினும் அதற்கு வரம்பு தேவை. மோசடிப் பணத்தில் ஒரு சிறு பகுதி, அதன் மூலத்தை அறியாத வணிகர் ஒருவரின் கணக்கில் விற்பனைத் தொகையாக வந்து சேரலாம். அதற்காக அவரது கணக்கு முழுவதையும் முடக்கினால், கடைப் பணியாளரின் கூலியும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் சேர்ந்தே முடங்கும். சட்டத்தின் வழியன்றி எவரது சொத்தையும் பறித்தலாகாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 300அ உறுப்பு. முழுக் கணக்கையும் முடக்காவிடில் பணம் தப்பிவிடும் என்பர் சிலர். ஐயத்திற்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்தாலே அது தப்பாது. எஞ்சியது அவர் உழைப்பின் பயன்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் கையிலிருந்த சிலம்பின்மீது ஐயம் எழுந்தது. சிலம்பைத் தடுத்துவைத்து, அது யாருடையதென ஆராய்ந்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும், மதுரையும் எரிந்திராது. பொருளை நிறுத்திவைப்பது உண்மையை ஆராயக் கிடைக்கும் கால அவகாசம் என்பதே அக்கதை உணர்த்தும் பாடம். அவ்வவகாசத்தில் ஆராய்ச்சி நிகழாமல் ஆண்டுகள் மட்டும் கழியுமாயின், முடக்கமே தீர்ப்பில்லாத தண்டனையாகிவிடும்.

எனவே, முடக்கும் ஆணை விரைந்து பிறக்கட்டும். அதன்மீதான விசாரணையும் அதே விரைவில் நடக்கட்டும். ஏமாந்தவரின் கண்ணீரைத் துடைக்க நீளும் சட்டத்தின் கை, குற்றமற்றவரின் உலையை அவித்துவிடலாகாது.